பதினேழாம் சமையலறை

கோகிலவாணிக்குத் தன் ஓரகத்தியின் மேல் பொறாமை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அதற்கு முந்தைய நாள்வரை அப்படி ஒன்று தன்னிடம் இருப்பதாகவே அவளுக்குத் தெரியாது. பத்து வயது மகள் இயலினி இரண்டாம் முறையும் அரிசிம்பருப்பு சாதம் வாங்கிச் சாப்பிட்டாள். தட்டை விரலால் வழித்து முடித்துவிட்டு, "அம்மா, என்ற பொறந்தநாளுக்கு நீ லீவு போட்டுச் சமைக்க வேண்டாம், சித்தியே செய்யட்டும்" என்றாள். அம்மாவுக்கு எதற்குச் சிரமம் என்று நல்ல மனதோடுதான் சொன்னாள். அதனாலேயே அது சுருக்கென்று தைத்தது.

சித்தி என்றால் ஹேமலேகா, கோகிலவாணியின் கணவன் யுவராஜின் தம்பி மனைவி. கரூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சரவணம்பட்டியில் இருந்த அந்த வீட்டில் கீழ்த்தளம் அண்ணன் குடும்பத்துக்கு, மேல்தளம் தம்பி குடும்பத்துக்கு. சமையலறை மட்டும் ஒன்று. லேகா வந்த முதல் மாதமே அந்தச் சமையலறை யாரும் கேட்காமல், யாரும் கொடுக்காமல் அவள் கைக்குப் போய்விட்டது. கோகிலவாணி ஆபீஸுக்கு எடுத்துப்போகும் டப்பாகூட லேகா கட்டித் தருவதுதான். மதியம் அதைத் திறந்தால் பக்கத்து மேசைக்காரர்கள் ஆளுக்கொரு ஸ்பூனோடு வந்து நிற்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சமையல்தான் கோகிலவாணியின் தொழில். 'கூட்டுக்குடி' என்ற கணினி விளையாட்டில் சமையல் பகுதிக்கு அவள்தான் தலைமை. விளையாடுபவர் ஒரு குடும்பத்தை உண்டாக்கி, வீடு கட்டி, கல்யாணம் செய்துவைத்து, பிள்ளைகளை வளர்த்துப் பெரிதாக்கும் விளையாட்டு அது. லட்சக்கணக்கான பேர் வருடக்கணக்காக விளையாடினார்கள். சமையல் மட்டும் ஆரம்பத்திலிருந்தே ஒப்புக்குத்தான் இருந்தது. அடுப்பைத் தொட்டு, பட்டியலில் ஒரு பதார்த்தத்தைத் தேர்ந்தெடுத்தால் பச்சைக் கோடு ஒன்று நிரம்பும். ஆவி பறக்கும் கிண்ணம் மேசைக்கு வரும். சாப்பிட்டவரின் பசி குறையும். 'என் விளையாட்டு வீட்டு மருமகள் ஆறு வருடமாக ஒரே சாம்பாரை வைக்கிறாள், அவள் கையில் உயிரே இல்லையா' என்று ஒரு பெண்மணி எழுதிய கடிதத்தை நிர்வாகம் சுவரில் ஒட்டிவைத்தது. சமையலைச் சீர்திருத்தும் வேலை கோகிலவாணியிடம் வந்தது.

அவள் கூட்டத்தில் எழுந்து சொன்ன யோசனை எளிமையானது. "செய்முறைய எழுதிக் குடுத்தா எல்லா வீட்லயும் ஒரே சமையல்தான் வருமுங்க. செய்முறை வேண்டாம். நெசமான கைகளப் பாத்துக் கத்துக்கட்டும். யாருக்காகச் சமைக்கறோம், தட்டுல எவ்வளவு மிஞ்சுது, திரும்பக் கேட்டாங்களா, இதையெல்லாம் பாத்துத்தான நாமளும் கத்துக்கறோம்?"

அதற்காக 'அடுப்புக்கண்' என்ற கருவியைச் செய்தார்கள். வடை அளவு இருக்கும், அடுப்புக்கு மேலே ஒட்டிவிடலாம். முகம் பார்க்காது, பேச்சைக் கேட்காது. கைகளின் அசைவு, சூடு, எடை, ஆவியின் மணம், கிளறும் வேகம் இவற்றை மட்டும் குறித்துக்கொள்ளும். சாப்பாட்டு மேசைக்கும் அப்படி ஒன்று. நாற்பது வீடுகளில் எட்டு மாதம் ஓட்டுவது என்று முடிவாயிற்று. வீடுகளுக்குப் பெயர் கிடையாது, எண்ணும் சமைக்கிறவர்களின் உறவுமுறையும் மட்டும்தான். கடைசி நேரத்தில் ஒரு குடும்பம் பின்வாங்கிவிட, அந்த இடத்துக்குத் தன் வீட்டையே கொடுத்தாள் கோகிலவாணி. ஒப்புதல் படிவத்தில் சமைக்கிறவர்கள் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். எண் பதினேழு. அது யார் வீடு என்பது அவளுக்கும் படிவத்தை வாங்கிவைத்த அலுவலருக்கும் மட்டும்தான் தெரியும்.

இயலினியின் பிறந்தநாள் அன்று லேகா பட்டாணிக் குருமா வைத்திருந்தாள். கூரியர்காரன் மணியடித்ததால் வாசலுக்குப் போனாள். கோகிலவாணி தண்ணீர் குடிக்கத்தான் உள்ளே வந்தாள். குருமா கொதித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்ததும் வந்த வாசனையில் இயலினி சொன்னது நினைவுக்கு வந்தது. உப்பு டப்பா பக்கத்திலேயே இருந்தது. ஒரு ஸ்பூன் போட்டாள். மூடினாள். கூடத்துக்கு வந்து பலூன் ஊத ஆரம்பித்தாள்.

சாப்பிடும்போது யாரும் முகம் சுளிக்கவில்லை. பிள்ளைகள் பூரியைத் தொட்டுத் தொட்டு வழித்துத் தின்றார்கள். கோகிலவாணியும் ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் கெட்டியாக இருந்தது. உப்பு சரியாக இருந்தது. தான் போட்டது போதவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள். வெட்கப்பட்டிருக்க வேண்டிய நேரம் அது. அவளுக்கு வந்ததோ எரிச்சல்.

அடுத்த முறை ஒன்றரை ஸ்பூன் போட்டாள். அதற்கடுத்த முறை உப்பு போடாமல், கொள்ளு ரசத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். எதுவும் நடக்கவில்லை. லேகாவின் கையில் ஏதோ மந்திரம் இருப்பதுபோல எல்லாம் பதமாகவே மேசைக்கு வந்தது. யுவராஜ் 'ரசம் இன்னும் இருக்குதா' என்று கேட்டான். அவன் தன் சமையலை அப்படிக் கேட்டது எப்போது என்று கோகிலவாணி யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. அடுப்புக்கண் மேலே இருப்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. நாற்பது வீட்டுக் கைகளும் ஒன்றாகக் கலந்து போகப்போகின்றன. தனியாக எடுத்து யார் பார்க்கப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இப்படி நான்கு மாதம் போயிற்று. இதற்கு நடுவே லேகாவுக்கு ஓர் ஆசை வளர்ந்திருந்தது. காளப்பட்டியில் இருந்த ஒரு பெண்கள் விடுதிக்கு மதியச் சாப்பாடு போட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தானே போய்ப் பேசிவிட்டு வந்தாள். ருசி பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார்கள். விடுதி நடத்தும் இரண்டு பெண்கள் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. கூடமாட ஒத்தாசை செய்கிறேன் என்று கோகிலவாணி அன்று லீவு போட்டாள். நிஜமாகவே ஒத்தாசைக்குத்தான் போட்டாள். காய் நறுக்கிக் கொடுத்தாள், அப்பளம் பொரித்தாள். புடவை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று லேகா மாடிக்குப் போனதும் சமையலறையில் தனியாக நின்றாள். இந்த ஏற்பாடு கூடிவந்துவிட்டால் இனி விடுதியில் அறுபது பேர் லேகாவைப் பற்றிப் பேசுவார்கள் என்ற எண்ணம் வந்தது. கத்திரிக்காய்க் குழம்பில் ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டாள்.

அன்று குழம்பு கரித்தது. வந்தவர்கள் மரியாதைக்காரர்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார்கள், மோர் ஊற்றிக்கொண்டார்கள், அப்புறம் போன் செய்கிறோம் என்று கிளம்பினார்கள். போன் வரவில்லை. "கை தவறிப்போச்சாட்ட இருக்குதுக்கா" என்று லேகா பாத்திரங்களை ஒழித்துப் போட்டாள். அதற்குப் பிறகு விடுதியைப் பற்றி அவள் பேச்செடுக்கவே இல்லை. கோகிலவாணிக்கு அன்று சாயங்காலம்வரை உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மறுநாள் காலை லேகா கட்டிக் கொடுத்த டப்பாவை ஆபீஸில் அவளால் திறக்க முடியவில்லை. அதோடு அவள் நிறுத்திக்கொண்டாள்.

எட்டு மாதம் முடிந்தது. நாற்பது வீட்டுக் கைகளையும் விளையாட்டுக்குள் இறக்கினார்கள். சோதித்துப் பார்த்தவர்கள் அசந்து போனார்கள். விளையாட்டு மனிதர்கள் இப்போது கிளறிவிட்டு யோசித்தார்கள், வாசனை பிடித்தார்கள், பெரியவருக்குக் காரம் ஆகாது என்று தனியாக எடுத்துவைத்தார்கள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு அடிக்கருகலைச் சுரண்டி ஒளித்துவைத்தார்கள். நிர்வாகத்தில் கோகிலவாணிக்குப் பெரிய பெயர். அந்த வாரத்திலேயே ஒரு நாள் ரெஜினால்டு அவளைத் தன் திரைக்கு அழைத்தான். விளையாட்டு மனிதர்களின் நடத்தையைச் சரிபார்ப்பது அவன் வேலை. தூத்துக்குடிக்காரன், அதிகம் பேசமாட்டான்.

"உப்புப் பிழைன்னு சோதிக்கிறவங்க புகார் போட்டிருக்காங்க மேடம். பாருங்க."

திரையில் ஒரு வீடு. இரண்டு மருமகள்கள். இளையவள் வைத்த குழம்பை மாமனார் புகழ்கிறார். மறுநாள் இளையவள் அடுப்பை விட்டு வெளியே போனதும், மூத்தவள் உள்ளே வருகிறாள். மூடியைத் திறக்கிறாள். உப்பைப் போடுகிறாள். மூடிவிட்டு, கூடத்துக்குப் போய்த் துணி மடிக்கிறாள்.

கோகிலவாணி திரைக்கு இன்னும் அருகில் குனிந்தாள். இதை யார் எழுதினார்கள் என்று கேட்டாள்.

"யாரும் எழுதல. பிழையும் இல்ல. கத்துக்கிட்டிருக்கு" என்றான் ரெஜினால்டு. "நாம சமையல்தான் கத்துக்கச் சொன்னோம். சமையக்கட்டுல நடக்குற எல்லாத்தையும் சேத்துக் கத்துக்கிட்டுச்சு."

தயாரிப்புத் தலைவர் வசந்தராஜனுக்கு இதைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. சோதனைக்காரர்கள் வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து, யார் யாருக்கு உப்புப் போடுகிறார்கள் என்று காத்திருந்து பார்க்கிறார்களாம். இதை எடுக்கவே கூடாது, விளம்பரத்தில் இதைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்றார். கோகிலவாணி கூட்டத்தில் எழுந்து எதிர்த்தாள். லட்சம் வீடுகளுக்குள் இதை அனுப்புவது பாவம் என்றாள். சமையல் என்பது என்ன என்று பேச ஆரம்பித்து, குரல் உடைந்து உட்கார்ந்தாள். அவ்வளவு ஆவேசம் எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. விளையாட்டுதானே மேடம் என்றார் வசந்தராஜன்.

ஒரு வழி இருந்தது. வெளியீட்டுக்கு முன்னால் எந்த வீடும் தன் பதிவுகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பதினேழைத் திரும்பப் பெற்றால் உப்பும் போய்விடும். ஆனால் படிவத்தில் சமைப்பவர்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். லேகாவிடம் என்ன சொல்லிக் கேட்பது என்று அவள் இரண்டு நாள் தவித்தாள். தன் வீட்டைச் சொல்லாமலே, இந்த நடத்தை எங்கிருந்து வந்தது என்று ரெஜினால்டிடம் விசாரித்தாள். எல்லாவற்றையும் அலசவில்லை, தெளிவாக இருந்த ஒன்றை மட்டும் பார்த்தேன், எண் பதினேழு என்றான் அவன்.

"ஆனா அந்த வீட்ல வேற ஒண்ணும் இருக்கு மேடம். அத நீங்க பாக்கணும்."

திரையில் கோடுகளால் ஆன இரண்டு கைகள். ஒரு கை உப்பைப் போட்டுவிட்டுப் போகிறது. சிறிது நேரத்தில் வேறு இரண்டு கைகள் வருகின்றன. கரண்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விழுகிறது. கைகள் அப்படியே நிற்கின்றன. பிறகு வேகமாக இயங்குகின்றன. உருளைக்கிழங்கு வெட்டப்படுகிறது, தேங்காய்ப்பால் ஊற்றப்படுகிறது, அடுப்பு தணிக்கப்படுகிறது. இன்னொரு நாள், புளித்தண்ணீரும் கொஞ்சம் வெல்லமும். தண்ணீர் ஊற்றப்பட்ட ரசத்துக்குப் புதிதாகக் கொள்ளு அரைத்துக் கரைக்கிறார்கள்.

"மொத்தம் பதினாலு தடவ. பதிமூணு தடவ அவங்க சரி பண்ணிட்டாங்க" என்றான் ரெஜினால்டு. "கடைசித் தடவ மட்டும் பண்ணல."

அந்தப் பதிவையும் காட்டினான். ஒரு சொட்டு உள்ளங்கையில் விழுந்தது. கைகள் நின்றன. ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றன. பிறகு மூடியை எடுத்து மெல்ல மூடின. அவ்வளவுதான்.

கோகிலவாணி அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். மணி மூன்று இருக்கும். லேகா மேசையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். படிவத்தை அவள் முன்னால் வைத்து, நம் வீட்டுப் பதிவுகளைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று கோகிலவாணி ஆரம்பித்தாள். பதிவுகள் தெளிவாக இல்லை, ஆபீஸில் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று பொய் ஒன்றும் சொன்னாள். லேகா கீரையை நகர்த்திவைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். படித்துப் பார்க்காமலே பேனாவைக் கேட்டாள்.

கையெழுத்துப் போட்டு முடிந்ததும், "பாத்துட்டீங்ளாக்கா?" என்றாள்.

கோகிலவாணி பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மேசைமேல் கிடந்த கீரைக்காம்பு ஒன்றை எடுத்து ஒடித்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளேங்க. குருமாவுல."

"கேட்டிருக்கலாமே லேகா."

"கேட்டா நீங்க இல்லைன்னுதான சொல்லுவீங்க. அப்பறம் ரெண்டு பேரும் ஒரே சமையக்கட்டுல எப்பிடி நிக்கறது? சரி பண்றது சுளுவா இருந்துச்சு. பண்ணீட்டேன்."

கோகிலவாணி ஒடித்த காம்பை மேசை ஓரத்தில் ஒதுக்கிவைத்தாள். பிறகு, அந்த வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் சரி செய்யவில்லை என்று கேட்டாள். கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று தெரிந்தும் கேட்டாள்.

லேகா அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். குரலில் கோபம் இல்லை.

"அன்னிக்கும் சரி பண்ணியிருக்கலாமுங்க. நேரம் இருந்துச்சு. உருளக்கெழங்கக்கூடக் கையில எடுத்துட்டேன். அப்பறம் வெச்சுட்டேன். பரிமாறப் போறப்ப நீங்க எப்பிடியும் 'நில்லு லேகா, அத வெக்காத'ன்னு சொல்லீருவீங்கன்னு நெனச்சேன். நெசமாலுமே நெனச்சேன். நீங்க எல எடுத்துப் போட்டீங்க."

மாடியில் யாரோ வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது. லேகா மறுபடி கீரையை எடுத்துக்கொண்டாள். மன்னித்துவிடு என்று சொல்லக் கோகிலவாணி வாயெடுத்தாள். அந்தச் சொல் அவ்வளவு சின்னதாக இருந்ததால் சொல்லவில்லை. அவளும் ஒரு கொத்துக் கீரையை எடுத்து உருவினாள்.

மறுநாள் காலை படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள். கொடுத்துவிட்டால் எல்லாம் அழிந்துவிடும். கைகளின் அந்தக் கோடுகளும், ஒரு நிமிடத்துக்கு மேல் நின்ற நிற்பும். ரெஜினால்டு அவளுக்காகக் காத்திருந்தான். அவள் அன்று பதறியதைப் பார்த்து, பதினேழாம் வீடு பின்வாங்கினால் என்ன ஆகும் என்று அவனாகவே ஒரு சோதனை ஓட்டிப் பார்த்திருந்தான்.

"பதினேழ எடுத்துட்டு ஓட்டினேன் மேடம். உப்பு போகல."

அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னாள்.

"உப்பு அங்கேயேதான் இருக்கு. அப்பறம்தான் நாப்பதையும் அலசினேன். பத்தொம்பது வீட்ல இருக்கு மேடம். சில வீட்ல உப்பு, சில வீட்ல அடுப்பக் கூட்டி வைக்கிறது, ஒரு வீட்ல பால்ல எலுமிச்சம்பழம். மாமியாரு, மருமக, நாத்தனாரு. ரெண்டு வீட்ல ஆம்பளக் கை. பதினேழாம் வீடு இல்லாட்டியும் இந்த வெளையாட்டுக்கு அது நல்லாத் தெரியும்."

"அப்ப பதினேழ எடுத்தா என்னதான் போகுது?"

"சரி பண்றது போயிடுது" என்றான் அவன். "அது அந்த ஒரு வீட்ல மட்டுந்தான் இருந்துச்சு. இப்ப ஓட்டுனா உப்பு விழுது, யாரும் ருசி பாக்குறதில்ல, அப்பிடியே மேசைக்குப் போகுது. சண்ட வருது. மூணு நாள்ல குடும்பம் பிரிஞ்சிடுது. அத்தன வீடும் அப்பிடித்தான் முடியுது."

கோகிலவாணி திரையைப் பார்த்தபடி நின்றாள். இத்தனை நாள் தன்னைப்போல் ஒருத்தி உலகத்தில் இருக்கமாட்டாள் என்று நினைத்து வெந்துகொண்டிருந்தாள். இப்போது பார்த்தால் அவள் செய்தது பத்தொன்பதில் ஒன்று, எந்தத் தெருவிலும் கிடைக்கும் சரக்கு. நாற்பதில் ஒன்றாக இருந்தது லேகாவின் கை. அந்த நினைப்பு வந்ததுமே, அந்த இடத்திலும், அந்த நேரத்திலும்கூட, பழைய பொறாமை மெல்லத் தலைதூக்கியது. இதிலும் அவள்தானா என்று இருந்தது. அதைத் தானே கையும் களவுமாகப் பிடித்ததுபோல் அவள் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரெஜி, அது என் வீடு. உப்புப் போட்ட கை என்னுது."

ரெஜினால்டு திரையை அணைத்துவிட்டு, அவளுக்கு உட்கார ஒரு நாற்காலி நகர்த்திக் கொடுத்தான்.

அன்று அவள் வசந்தராஜனைப் பார்த்து அதே வாக்கியத்தைச் சொன்னாள். பதினேழாம் வீடு திரும்பப் போகாது என்றும், உப்பு இருந்தால் அதைச் சரிசெய்வதும் எல்லாக் குடும்பங்களிலும் இருக்க வேண்டும், ஒன்றை மட்டும் வைத்து விளம்பரம் செய்தால் தான் இந்த வேலையில் இருக்கப்போவதில்லை என்றும் எழுதிக் கொடுத்தாள். அவர் அவளை இதுவரை பார்த்திராத ஆள்போலப் பார்த்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். சாயங்காலத்துக்குள் சரி என்று சொல்லியனுப்பினார். கூடவே, சமையல் பகுதிக்கு வேறு தலைமை பார்க்க வேண்டியிருக்கும் என்றும் ஒரு வரி இருந்தது. அவள் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள்.

வீட்டுக்கு வரும்போது இன்னும் வெயில் இறங்கவில்லை. லேகா பின்வாசல் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கோகிலவாணி படிவத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ரெஜினால்டு சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் வேலை கைமாறுவதையும் சொன்னாள். அதோடு, இத்தனை வருட வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னாள்.

"எனக்கு உன்மேல பொறாமை லேகா. நேத்து நீ சொன்னதக் கேட்டதுக்கப்பறமும் இருக்குது. இன்னிக்குக் காத்தாலகூட வந்துச்சு. போயிருச்சுன்னு சொன்னா அது பொய்."

லேகா கையில் இருந்த துணியை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை, சந்தோஷப்பட்டதாகவும் தெரியவில்லை. மடித்த துணிகளைக் கோகிலவாணியின் கையில் அடுக்கிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். ஏதோ கணக்குப் பொருந்தாததுபோல் அவள் நெற்றி சுருங்கியது.

"பத்தொம்பது வீடுன்னீங்ளே. அப்ப மத்த பதினெட்டு வீட்ல?" என்றாள். "அங்கெல்லாம் ஒருத்தருமே ருசி பாக்கலீங்ளாக்கா?"